நெவில் ப்ராசர் வண்டி வாங்கிய கதை

“பெற்றோர் நமக்குக் கொடுக்கப்பட்டவர்கள். நாடு கொடுக்கப்பட்டது. மூக்குகூடக் கொடுக்கப்பட்டதுதான். மனிதன் தானே தேடித் தேர்ந்தெடுக்கும் முதல் உறவு அவனுடைய முதல் மோட்டார் சைக்கிள். அன்று அவன் வண்டியைத் தேர்ந்தெடுப்பதில்லை. தன் விதியைத் தேர்ந்தெடுக்கிறான்.”

இதைச் சொன்னவர் நெவில் ப்ராசர். சொன்ன இடம் ஆஸ்திரேலியாவில் கோல்பர்ன் ஊரின் சமூக வானொலி நிலையம். சனிக்கிழமை காலையில் ஆட்டுச் சந்தை விலை நிலவரம் முடிந்து, முதியோர் பந்துருட்டும் போட்டியின் முடிவுகள் தொடங்குவதற்குள் கிடைக்கும் அரை மணி நேரம் அவருடையது. நிகழ்ச்சியின் பெயர் ‘சாலையும் சிந்தனையும்’. சாலையைப் பற்றி அவர் அப்படிச் சிந்தித்துக்கொண்டிருந்த காலத்தில், இரண்டு சக்கரம் உள்ள பொருள் என்று அவர் கை பட்டது ஒன்றே ஒன்றுதான்: செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தெருவோரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தும் சிவப்பு மூடிக் குப்பைத் தொட்டி. அதையும் போன குளிர்காலத்தில் சரிவில் கைநழுவ விட்டு, எதிர்வீட்டுத் தபால் பெட்டியைச் சாய்த்துவிட்டு வந்தார்.

தரைவிரிப்புக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர் நெவில். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வீட்டுத் தரையை முட்டி போட்டு அளந்தவருக்கு, அறுபதை நெருங்கும்போது கொஞ்சம் உயரமான இடத்தில் உட்காரத் தோன்றியது தப்பில்லை. ஆனால் அந்த ஆசைக்குக் காரணம் வண்டி அல்ல, ஒரு தலையசைப்பு.

அந்தப் பக்கத்துச் சாலைகளில் எதிரும் புதிருமாக இரண்டு மோட்டார் சைக்கிள்கள் வந்தால், ஓட்டுகிறவர்கள் ஒருவருக்கொருவர் தலையை லேசாக அசைத்துக்கொள்வார்கள். கை இரண்டும் வேலையாக இருப்பதால் தலை மட்டும். முன்பின் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒருவர் நீதிபதியாகவும் மற்றவர் நேற்று ஜாமீனில் வந்தவராகவும் இருக்கலாம். அசைத்தே தீருவார்கள். சில வருஷங்களுக்கு முன்னால், தராகோ பக்கம் ஒரு மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் காரில் போய்க்கொண்டிருந்தபோது நெவில் இதை முதலில் கவனித்தார். எதிரே வந்தவன் முன்னால் போன வண்டிக்குத் தலையசைத்தான். அடுத்து நெவிலின் காரைப் பார்த்தான், மைல் கல்லைப் பார்ப்பதுபோல. பந்தியில் பக்கத்து இலைவரைக்கும் பரிமாறிவிட்டு, தன் இலையைத் தாண்டிப் போய்விட்டது போலிருந்தது நெவிலுக்கு. அன்று ஏற்பட்ட பசி அது.

அந்தப் பசிக்குச் சோறு போடக்கூடியவர் ஊரில் ஒருவர் இருந்தார். எர்ரால் ஸ்டேனஜ், ‘அயர்ன்பார்க் சவாரிக் குழு’வின் தலைவர். ஞாயிற்றுக்கிழமை தோறும் இந்தக் குழு தபால் நிலையத்துக்கு எதிரே கூடும். எல்லோருக்கும் கறுப்புத் தோல் சட்டை, முதுகில் மண்டையோடு. அந்த மண்டையோட்டின் பல்வரிசை மட்டும் அப்பழுக்கில்லாமல் இருக்கும். எர்ரால் பல் மருத்துவர். மற்றவர்களில் இரண்டு பேர் கணக்காளர்கள், ஒருவர் வீட்டுத் தரகர். ஊரை அதிரவைத்துக்கொண்டு கிளம்புவார்கள், பக்கத்து ஊரான பிராய்ட்வுட் போய் ரொட்டிக்கடையில் இறைச்சி வைத்துச் சுட்ட மீட் பை தின்பார்கள், சாப்பாட்டு வேளைக்கு முன் வீடு திரும்பிப் புல் வெட்டுவார்கள்.

ஒருநாள் எர்ரால் நெவிலைப் பல் நாற்காலியில் சாய்த்து, வாய்க்குள் கருவியை நுழைத்த பிறகு பேச்செடுத்தார்.

“யோவ் நெவ், மாசக்கணக்கா ரேடியோலயே வண்டி ஓட்டிட்டிருக்க. பெட்ரோல் செலவே இல்ல. ஒருநாளாவது ரோட்டுல ஓட்டிக் காட்டேன்யா.”

வாயில் கருவி இருந்ததால் நெவிலால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைச் சனிக்கிழமை வானொலியில் சொன்னார். அக்டோபர் மாதத்து நீண்ட வார விடுமுறையில், ஞாயிற்றுக்கிழமை, அயர்ன்பார்க் குழுவோடு தன் சொந்த வண்டியில் பிராய்ட்வுட் போகப்போவதாக ஊரறிய அறிவித்தார். சொன்ன பிறகு பந்துருட்டுப் போட்டியின் முடிவுகளை வாசிக்க வந்த அம்மாள் கைதட்டினார். அதற்குமேல் பின்வாங்க வழியில்லை.

வீட்டில் சாப்பாட்டு மேஜை முழுக்க வண்டிப் படங்கள் பரவின. உப்பு ஜாடியை எடுக்க வேண்டுமென்றால் நாலு வண்டியை நகர்த்த வேண்டும். நெவில் இரண்டு முட்கரண்டிகளைக் கையில் பிடித்துக்கொண்டு மனைவிக்குப் பாடம் எடுத்தார்.

“இடது கை கிளட்ச். வலது கை பிரேக். ரெண்டையும் குழப்பிக்கவே கூடாது, கிளென். ஒரு கை இன்னொரு கையோட பேசணும்.”

“சரி,” என்றாள் கிளெனிஸ், பட்டாணி உரித்துக்கொண்டே.

கிளெனிஸ் பிறந்தது குரூக்வெல் பக்கத்து ஆட்டுப் பண்ணையில். பள்ளிக்கூடத்தில் பெருக்கல் வாய்ப்பாடு முடிப்பதற்கு முன்பே பண்ணை மோட்டார் சைக்கிளில் ஏறி ஆடு திருப்பியவள். சொந்த நிலத்துக்குள் ஓட்ட உரிமம் எதுவும் தேவையில்லை என்பதால், இதுவரை எடுக்கவுமில்லை. இது நெவிலுக்குத் தெரியாததல்ல. தெரிந்த விஷயத்தை எங்கே வைக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு தீர்மானம் இருந்தது.

“நீ ஓட்டுனது வேற,” என்றார். “அது பண்ணை. ஆடு நகர்ந்தா போதும். இது சாலை. சாலைக்குன்னு ஒரு தத்துவம் இருக்கு.”

“ஆட்டுக்கும் ஒண்ணு இருக்கு. நேரா மட்டும் ஓடவே ஓடாது.”

வண்டிக் கடையில் விற்பனை செய்தவள் மரிக்கா என்ற பெண். நெவில் நேராகக் கண்ணாடிச் சன்னலோரம் நின்ற ராட்சத வண்டியிடம் போய், அதன் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார்.

“இதுதான் எனக்குப் பொருத்தம்.”

“புதுசா ஓட்டப் போறீங்களா?”

“ஓட்டத்தான் புதுசு. யோசனையில பழசு.”

“அப்ப இதைத் தொட்டுப் பாக்கலாம், படம் எடுத்துக்கலாம். எல் போர்டு கட்டிக்கிட்டு ஓட்ட முடியாது. புதுசா ஓட்டறவங்களுக்குன்னு அரசாங்கம் ஒத்துக்கிட்ட வண்டிங்க தனியா இருக்கு. எல்லாம் அந்தப் பக்கம்.”

“நான் கொஞ்சம் கனமான ஆளு.”

“சட்டம் அதைவிடக் கனம், நெவில். மூணு வருஷம் கழிச்சு வாங்க, நானே இது சாவியைத் தர்றேன்.”

“அப்ப எனக்கு அறுபது தாண்டிடும்.”

“வண்டிக்கும் வயசாயிருக்கும். ரெண்டு பேரும் ஒத்துப்போவீங்க.”

அந்தப் பக்கத்து வரிசையில் கிளெனிஸ் ஏற்கெனவே ஒரு நீல வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். மெலிந்த, எளிய வண்டி. நிமிர்த்திப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள்.

“நெவ், இது நல்லாருக்கே. கீழ விழுந்தாக்கூட நாமளே தூக்கிடலாம்.”

“நான் விழறதுக்கா வண்டி வாங்கறேன்?”

மரிக்கா ஆளைப் படித்துவிட்டாள். கடைக் கோடியில் போர்த்தி வைத்திருந்த ஒன்றின் மேலிருந்து துணியை உருவினாள். கறுப்பு வண்டி. மாட்டுக் கொம்பு போல அகன்ற கைப்பிடி, இரண்டு பக்கமும் குஞ்சம் தொங்கும் தோல் பைகள், பின்னால் மினுமினுக்கும் இரண்டு புகைக் குழாய்கள். நெவில் மூச்சு விட மறந்தார்.

“இது ஒத்துக்கிட்ட வண்டியா?”

“ஒத்துக்கிட்டதுதான். இன்ஜின் சின்னது. ஆனா நிக்கறப்ப யாருக்கும் தெரியாது.”

“ஓடறப்ப?”

“ஓடறப்ப நீங்க போயிருப்பீங்களே.”

கிளெனிஸ் குனிந்து பார்த்தாள். விரலை விட்டுப் பார்த்தாள். “நெவ், இந்த ரெண்டாவது குழாய்ல ஓட்டையே இல்ல.”

“அது அழகுக்கு வச்சிருக்காங்க,” என்றாள் மரிக்கா.

“சமநிலைக்கு,” என்று திருத்தினார் நெவில். அடுத்த சனிக்கிழமை வானொலியில் சமநிலையைப் பற்றித்தான் பேசினார்.

கறுப்பு வண்டியையே வாங்கினார். கூடவே கறுப்பு ஹெல்மெட். அதன் தாடை வார் இரண்டு வளையங்களுக்குள் நுழைந்து, ஒன்றைத் தாண்டித் திரும்பி வர வேண்டும். கடைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு இறுக்கக் கட்டினார். பார்த்து முடித்த பிறகு கழற்ற வரவில்லை. இழுக்க இழுக்க இறுகியது. கிளெனிஸ் கழுத்துக்குக் கீழே கையை விட்டு எதையோ சுண்டினாள், கழன்றது. அன்றிலிருந்து வீட்டில் அதுவே வழக்கமாயிற்று: கட்டுவது அவர், அவிழ்ப்பது அவள். கிரிக்கெட் பார்க்கும்போதுகூட நெவில் ஹெல்மெட் போட்டுப் பழகினார். தேநீர் இடைவேளைக்கு அவள் வந்து அவிழ்த்துவிடுவாள்.

உரிமம் வரும்வரை வண்டி கடையிலேயே இருக்கட்டும் என்று ஏற்பாடு. அந்த உரிமத்துக்கு ஓர் எழுத்துத் தேர்வும், இரண்டு காலை நேரப் பயிற்சியும் முடித்தாக வேண்டும். பயிற்சித் திடலுக்குள் வேடிக்கை பார்ப்பவர்களை விடமாட்டார்கள் என்று தெரிந்ததும், படம் எடுக்க ஓர் ஆள் வேண்டுமென்று நெவில் கிளெனிஸின் பெயரையும் பதிவு செய்தார்.

எழுத்துத் தேர்வில் இரண்டு பேருமே தேறினார்கள். நெவில் ஒரு கேள்விக்குக்கூடத் தப்பாக எழுதவில்லை. கேள்விகளில் இரண்டு சரியாக அமையவில்லை என்று கண்காணிப்பாளரிடம் விளக்கிவிட்டும் வந்தார்.

கண்காட்சி மைதானத்தின் பின்புறம் பயிற்சி நடந்தது. பயிற்சி கொடுத்தவன் விலியாமி, டோங்கா தீவுக்காரன், கதவு அகலத்துக்குத் தோள். தன்னைவிட மூத்தவர்கள் எல்லோரும் அவனுக்கு அங்கிள், ஆன்ட்டி.

“ஒரே ஒரு விஷயம்தான் அங்கிள்,” என்றான். “நீங்க எங்க பாக்கறீங்களோ வண்டி அங்கதான் போகும். போக வேண்டிய இடத்தைப் பாருங்க. போகக் கூடாத இடத்தைப் பாக்காதீங்க.”

“இதையே நான் ஒரு நிகழ்ச்சியில விரிவா சொல்லியிருக்கேன்,” என்றார் நெவில்.

முதல் சுற்றில் தன் புது பூட்ஸைப் பார்த்தார், வண்டி நின்றுவிட்டது. இரண்டாம் சுற்றில், நிறுத்தியிருந்த வேனின் கண்ணாடியில் ஓர் ஆண்மகன் மோட்டார் சைக்கிளில் போவதைப் பார்த்தார்; வண்டி வேனை நோக்கித் திரும்பியது, விலியாமி ஓடிவந்து பிடித்தான். மூன்றாம் சுற்றில் திடலின் கோடியில் இருந்த குப்பைத் தொட்டி கண்ணில் பட்டது. சிவப்பு மூடி. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தார். நினைக்க நினைக்கக் கண் அதன் மேலேயே நின்றது. அவ்வளவு பெரிய திடலில், தாயைக் கண்ட கன்று போல வண்டி நேராகத் தொட்டியிடம் போய்ச் சேர்ந்தது.

தொட்டி சாய்ந்தது. அதன் மேல் நெவில், பக்கத்தில் வண்டி. வேகம் அவ்வளவு குறைவாக இருந்ததால் அடி ஒன்றுமில்லை.

“அந்தத் தொட்டி ஏன் அங்க இருக்கு?” என்று கேட்டார் படுத்தபடியே.

“அது எப்பவுமே அங்கதான் இருக்கு அங்கிள்.”

இரண்டாம் நாள் தொட்டியை நகர்த்தி வேலிக்கு அப்பால் வைத்தான் விலியாமி. நெவில் அது எங்கே போயிற்று என்று தேடினார். வேலியில் போய் இடித்தார்.

கிளெனிஸ் திடலில் வைத்திருந்த கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து வந்து, நிறுத்தச் சொன்ன கோட்டின் மேல் சரியாகச் சக்கரம் பட நிறுத்தினாள். படம் எடுக்க அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை.

“ஆன்ட்டி, எங்க கத்துக்கிட்டீங்க?”

“ஆடுங்ககிட்ட.”

கடைசியில் விலியாமி நெவிலைத் தனியாக ஓரமாகக் கூட்டிப் போனான். “இன்னிக்கு உங்களுக்கு உரிமம் வேணாம் அங்கிள். ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவ வாங்க, நானே சொல்லித்தர்றேன்.”

“ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரு முக்கியமான பயணம் இருக்கு.”

“தெரியும் அங்கிள். எங்கம்மா ரேடியோ கேக்கறாங்க.”

அன்று சாயங்காலம் நெவில் வண்டிப் படங்களையெல்லாம் மேஜையிலிருந்து எடுத்து அடுக்கினார். உப்பு ஜாடி தனியாக நின்றது. வெகுநேரம் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து பார்த்து ரொம்ப நாளாகிவிட்டதால் கிளெனிஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஊரே வந்து நிக்கும் கிளென். எர்ரால் ஒண்ணும் சொல்ல மாட்டான். சிரிப்பான், அவ்வளவுதான். பல்லு எல்லாம் தெரியற மாதிரி.”

“வண்டி போயாகணும். அதானே?”

“ஆமா.”

“பயிற்சி முடிச்சு எனக்கு எல் போர்டு உரிமம் வந்தாச்சே. நான் ஓட்டறேன்.”

நெவில் யோசித்தார். முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. “அப்ப நான் பின்னாடி உக்காந்துக்கறேன். பின்னாலிருந்து வழி சொல்றவன் மாதிரி.”

“எல் போர்டு கட்டினவங்க பின்னாடி ஆள ஏத்தக் கூடாது நெவ். நீதான போன மாசம் அதைப் பத்தி அரை மணி நேரம் பேசின.”

மறுநாள் காலை வானொலியில் நெவில் எடுத்துக்கொண்ட தலைப்பு, துறவு. “கைப்பிடியைப் பிடிக்கத் தெரிந்தவன் ஓட்டுநர்; அதை விடத் தெரிந்தவன் ஞானி,” என்று முடித்தார். ஆட்டு விலை சொல்லி முடித்துவிட்டு அங்கேயே இருந்தவர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருமினார். வானொலி முடிந்த கையோடு கிளெனிஸ் கடைக்குப் போய்க் கறுப்பு வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தாள். கைப்பிடிக்கு அகலம் ஜாஸ்தி என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தபால் நிலையத்துக்கு எதிரே குழு கூடியிருந்தது. மஞ்சள் எல் போர்டு கட்டிய கறுப்பு வண்டியில் கிளெனிஸ் வந்து நிறுத்தினாள். பின்னாலேயே காரில் வந்து இறங்கினார் நெவில். தோல் சட்டை, தோல் காற்சட்டை, புது பூட்ஸ், இடுப்பில் இடுக்கிய ஹெல்மெட். நடக்கும்போது தோல் முனகியது.

எர்ரால் சுற்றி வந்து பார்த்தார். “ஜோரான வண்டிய்யா. உன் பொண்டாட்டி ஓட்டறா. நீ என்ன பண்ணப் போற?”

“நான் ஆதரவு வாகனத்துல வர்றேன்.”

“அதாவது கார்ல.”

“ஆதரவு வாகனத்துல.”

“அப்ப சரி. பசங்களா, ஜாக்கெட்டு, பிளாஸ்க்கு எல்லாம் ஆதரவு வாகனத்துல போடுங்கப்பா!”

போட்டார்கள். கணக்காளர் ஒருவர் மடக்கு நாற்காலியையும் கொண்டு வந்து போட்டார், அவருக்கு முதுகுவலி.

வானொலி நிலையத்தின் சுவருக்கு ஒரு படம் வேண்டும் என்று நெவில் கேட்டார். எல்லோரும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்கள். கறுப்பு வண்டியின் கைப்பிடியில் ஒரு கையை வைத்து, தூரத்துச் சாலையைப் பார்த்தபடி நெவில் நடுவில் நின்றார். தபால் நிலையத்துக்கு வந்த ஒருவர் படம் எடுத்துக் கொடுத்தார். எடுத்ததும் எர்ரால் கையை உயர்த்தினார். வண்டிகள் ஒரே சமயத்தில் உறுமின. கையுறை மாட்டிய கிளெனிஸ் இரண்டாவது வரிசையில் சேர்ந்துகொண்டாள்.

“கிளென்!” என்று கூப்பிட்டார் நெவில். “கிளென், ஒரு நிமிஷம்!”

சத்தத்தில் கேட்கவில்லை. வண்டிகள் போய்விட்டன. நெவில் காரில் ஏறி, இருக்கையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு பின்தொடர்ந்தார்.

நல்ல வெயில். விடுமுறை என்பதால் எதிர்ச்சாரியில் மோட்டார் சைக்கிள்கள் நிறைய வந்தன. ஒவ்வொன்றாகத் தலையசைத்துக்கொண்டே போயின. எர்ராலுக்கு, கணக்காளர்களுக்கு, கிளெனிஸுக்கு. கிளெனிஸுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே அசைத்தார்கள். எல் போர்டைப் பார்த்த வாஞ்சை. அவளும் திரும்ப அசைத்தாள், கடைத்தெருவில் தெரிந்தவரைப் பார்த்தது போல, வெகு சாதாரணமாக. அடுத்து வந்த காரை யாரும் பார்க்கவில்லை. வரிசையில் கடைசியாகப் போன நெவில் ஒவ்வொரு தலையசைப்பும் தன்வரைக்கும் வந்து நின்றுபோவதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். மடக்கு நாற்காலி பின்னால் லொடலொடத்தது.

தராகோ தாண்டி ஒரு நீண்ட இறக்கம். எதிரே தன்னந்தனியாக ஒரு பழைய வண்டி வந்தது. ஓட்டி வந்தவருக்கு நரைத்த தாடி மார்புவரை பறந்தது. குழுவுக்குத் தலையசைத்தார். கிளெனிஸுக்கு அசைத்தார். காரை நெருங்கும்போது கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். ஒரு கணம் திகைத்தார். பிறகு, சந்தேகமே இல்லை, நெவிலைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

நெவில் பதிலுக்கு அசைத்தார். அவசரப்படாமல், மோவாய் மார்பைத் தொட. மேலே கூரையில் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. கண் கலங்கியது, துடைக்க முடியவில்லை. அடுத்த சனிக்கிழமைக்கான முதல் வரி அங்கேயே, அந்த இறக்கத்திலேயே உருவாகிவிட்டது: ‘சாலை ஒருநாள் நம்மை அடையாளம் கண்டுகொள்கிறது.’

பிராய்ட்வுட்டில் ரொட்டிக்கடை வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. நெவில் காரைக் கொஞ்சம் தள்ளி, மரத்துக்குப் பின்னால் நிறுத்தினார். இறங்கவில்லை.

“யோவ் நெவ்!” என்று எர்ரால் அங்கிருந்தே கத்தினார். “பை சூடா இருக்குய்யா, வா!”

பசியில்லை என்று நெவில் சன்னல் வழியாகக் கையைக் காட்டினார். பசித்தது. கிளெனிஸ் கடைக்குள் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். வரிசை நீளமாக இருந்தது. புறப்பட்டதிலிருந்து ஹெல்மெட் அவர் தலையில்தான் இருந்தது. வாரை அவிழ்க்க அவருக்குத் தெரியாது.